ராக்கர் ஷாஃப்ட்டின் உயரம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2014-ல் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றுபோனது. அந்தக் காரின் 1489 சிசி பிஎம்சி பி-சீரிஸ் பெட்ரோல் இன்ஜினை இறக்கி வேலை பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். போர், பிஸ்டன், கிராங்க் என்று தாராளமாகச் செலவழிக்கிறார்கள். ராக்கர் ஷாஃப்ட்டை மட்டும் டீசலில் கழுவி, கழற்றியபடியே திரும்ப மாட்டிவிடுகிறார்கள். அந்த வேலையைச் சுற்றியுள்ள சில நம்பிக்கைகளைத் திருத்தியாக வேண்டும்.

நம்பிக்கை: டேப்பெட் வைத்துவிட்டால் வால்வு வேலை முடிந்தது.

உண்மை: டேப்பெட் இடைவெளி, வால்வு மூடியிருக்கும் ஒரு நிலையை மட்டுமே சொல்லும். வால்வு நேர்கோட்டில் இறங்குகிறது. ராக்கரோ வட்டத்தில் ஆடுகிறது. அதனால் வால்வு தண்டின் நுனியில் ராக்கர் மூக்கு கொஞ்சம் உரசத்தான் செய்யும். அந்த உரசலைக் குறைக்க வழி: வால்வு பாதி தூரம் திறந்திருக்கும்போது, ஷாஃப்ட்டின் மையத்திலிருந்து தொடும் இடத்துக்குப் போகும் கோடு, தண்டுக்குச் செங்கோணமாக இருக்க வேண்டும். எளிய கணக்கு ஒன்று: ராக்கர் கை 40 மி.மீ., லிஃப்ட் 10 மி.மீ. என்று வையுங்கள். பாதி லிஃப்ட்டில் செங்கோணம் அமைந்தால் மூக்கு சுமார் 0.3 மி.மீ. நகரும். வால்வு மூடியிருக்கும்போதே செங்கோணமாகிவிட்டால் ஏறக்குறைய 1.3 மி.மீ. நகரும். நான்கு மடங்கு! அந்தப் பக்கவாட்டுத் தள்ளல் முழுவதையும் வால்வு கைடு தாங்குகிறது. புது கைடு போட்டும் வண்டி ஆயில் குடிக்கிறதே என்று வருந்துகிறவர்கள் இங்கேயும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: உரசல் தடம் தண்டின் நடுவில் விழுந்தால் எல்லாம் சரி.

உண்மை: பார்க்க வேண்டியது தடத்தின் அகலத்தை. தண்டு நுனியில் மார்க்கர் மை பூசி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். ஒல்லியான தடம் சற்று ஓரமாக விழுந்தாலும் பாதகமில்லை. நடுவில் விழுந்த அகலத் தடம்தான் கைடைத் தின்னும்.

நம்பிக்கை: புஷ்ராடு நீளத்தை மாற்றினால் ஜியோமெட்ரி சரியாகும்.

உண்மை: இது பழைய செவர்லே வி8 போன்ற இன்ஜின்களுக்குப் பொருந்தும். அங்கே ஒவ்வொரு ராக்கரும் ஒரு ஸ்டட்டில் தனியாக நிற்கிறது. புஷ்ராடு நீண்டால் ராக்கரின் மையமே மேலே ஏறும். அம்பாசடரில் எல்லா ராக்கர்களும் ஒரே ஷாஃப்ட்டில் இருக்கின்றன, ஷாஃப்ட் பெடஸ்டல்களில் இருக்கிறது. புஷ்ராடை எவ்வளவு மாற்றினாலும் ஷாஃப்ட் அசையாது. வால்வு பக்கத்துக் கோணத்தைத் தீர்மானிப்பவை இரண்டே: ஷாஃப்ட்டின் உயரம், வால்வு நுனியின் உயரம்.

வால்வு நுனி ஏன் இடம் மாறுகிறது? இந்த இன்ஜினில் சீட்டை வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வெட்டியிருப்பார்கள். ஒவ்வொரு முறை சீட் கட்டிங் செய்யும்போதும் வால்வு உள்ளே அமிழ்ந்து, நுனி மேலே ஏறும். 2000-க்குள் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்ட பிறகு, ஈயப் பூச்சின் பாதுகாப்பை இழந்த சீட்டுகள் இன்னும் வேகமாக அமிழ்கின்றன. நுனி எவ்வளவு ஏறியதோ, அவ்வளவுக்குப் பெடஸ்டல்களுக்கு அடியில் ஷிம் வைத்து ஷாஃப்ட்டையும் ஏற்ற வேண்டும். எண்ணெய் ஏறிவரும் பெடஸ்டலின் ஷிம்மில் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஷாஃப்ட் முழுவதும் வறண்டுபோகும்.

புஷ்ராடு நீளத்தின் முறை அதற்குப் பிறகே வருகிறது. ஹெட்டை ஸ்கிம் செய்திருந்தால் டேப்பெட் ஸ்க்ரூவை மேலே ஏற்ற வேண்டிவரும். அளவு மீறினால் புஷ்ராடு கிண்ணத்தின் விளிம்பு ராக்கரில் இடிக்கும். கேமை ரீகிரைண்ட் செய்திருந்தால் நேர்மாறு: ஸ்க்ரூவைக் கீழே இறக்கி இறக்கி, லாக் நட்டுக்கு மரை போதாமல் போகும். சரியான நீளமுள்ள புஷ்ராடு இந்தத் தொல்லைகளைத் தீர்க்கும்.

நம்பிக்கை: ஃபீலர் கேஜ் காட்டுவதே இடைவெளி.

உண்மை: தேய்ந்த ராக்கர் மூக்கில் வால்வு நுனி பதிந்து ஒரு குழி விழுந்திருக்கும். தட்டையான கேஜ் குழியின் விளிம்புகளில் பாலம்போல நிற்கும். நிஜ இடைவெளி அதைவிடப் பெரிது. ‘எத்தனை தடவை வைத்தாலும் சத்தம் போகவில்லை’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதற்காக ஸ்க்ரூவை இறுக்கிச் சத்தத்தை அடக்குவது மகா தவறு. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைச் சீட்டில் உட்கார்ந்துதான் இறக்குகிறது. முழுதாக மூடாத வால்வு கருகும். ராக்கரை மாற்றுங்கள், அல்லது மூக்கின் வளைவு கெடாமல் கிரைண்ட் செய்யுங்கள். கூடவே ஷாஃப்ட்டின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். புஷ்ராடு, ஸ்பிரிங் இரண்டும் ராக்கரை மேல்நோக்கியே தள்ளுவதால், படிபோலத் தேய்வது அந்தப் பக்கம்தான்.

நம்பிக்கை: இதையெல்லாம் வண்டி ஓடிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உண்மை: இந்த இன்ஜினில் பெடஸ்டல் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. பின்னால் ஒரு ஷிம் வைக்க வேண்டுமென்றால் ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, எல்லா ஹெட் நட்டுகளையும் வரிசைப்படி தளர்த்தியாக வேண்டும். அந்த நான்கை மட்டும் கழற்றினால் ஹெட் கோணலாகும் அபாயம் உண்டு. அதனால் பழைய, அமுங்கிய கேஸ்கெட்டை வைத்து, மெல்லிய ஸ்பிரிங் மாட்டி, எட்டு வால்வுகளின் தடத்தையும் முதலில் பார்த்துவிட்டு, பிறகு புது கேஸ்கெட்டைப் பிரியுங்கள்.