பேதி மருந்துக்கு முன்னால் நாலு வாரம்

பெரியப்பாவின் அரைஞாண் கயிறுதான் முதலில் சேதி சொன்னது. இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்த கயிறு, பொங்கல் கழிந்ததும் வேட்டி மடிப்புக்குக் கீழே தொங்க ஆரம்பித்தது. "வெயில்ல அலையறேன், இளைச்சிட்டேன்" என்றார். மலத்தோடு ரத்தம் போவதை மூலம் என்று நினைத்து ஆறு மாதம் லேகியம் சாப்பிட்டதை அப்புறம்தான் சொன்னார். வயது 74. பெருங்குடலில் கட்டி. ஆபரேஷனுக்கு நாலு வாரம் தள்ளித் தேதி கொடுத்தார்கள்.

"குடலைச் சுத்தம் பண்றது" என்றதும் நம் பக்கத்தில் நினைவுக்கு வருவது முந்தின நாள் குடிக்கும் பேதி மருந்துதான். வயதானவருக்கு அது கடைசிப் படி. அதற்கு முன்னால் இருக்கும் படிகள் வீட்டு அடுப்படியில் இருக்கின்றன. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக்காரர்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும், கோரிமேட்டு ஜிப்மருக்குப் போனாலும், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கே போனாலும் அந்த வேலை ஒன்றுதான். மருந்து, அளவு, நேரம் எல்லாம் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு. இது அவரிடம் போகும்போது கையில் வைத்துக்கொள்ள.

முதல் வேலை: எடை

ரைஸ்மில் தராசோ பஸ் ஸ்டாண்டு மெஷினோ, ஒரே இடத்தில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். பெரியப்பா 62 கிலோ இருந்தவர், 54க்கு வந்திருந்தார். ஆறு மாதத்தில் நூற்றுக்குப் பதின்மூன்று குறைந்திருக்கிறது. பத்துக்கு மேல் போனாலே அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவசரத்தில் கேட்காமல் விட்டுவிடுவார்கள். சத்துக் குறைவு கடுமையாக இருந்தால் 7 முதல் 14 நாள் வரை சத்து ஏற்றிவிட்டு, அதற்காக ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளிவைத்தாலும் சரி என்பது இன்றைய மருத்துவ வழக்கம். கால் வீங்கியிருந்தால் எடை ஏமாற்றும். அப்போது ரத்தத்தில் அல்புமின் எவ்வளவு என்று கேளுங்கள். 3 கிராமுக்குக் கீழே என்றால் கவலைப்பட வேண்டிய எண்.

ஹீமோகுளோபினும் அப்படித்தான். குடலின் வலது பக்கக் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் கசிந்துகொண்டே இருக்கும்; மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை வயசுக் கோளாறு என்று தள்ளிவிடுவோம். இரும்புச்சத்து மாத்திரை வேலை செய்ய நாளாகும், மலச்சிக்கல் வேறு. நாள் குறைவாக இருந்தால் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்ற முடியுமா என்று கேட்பதில் தப்பில்லை.

இரண்டாவது: தட்டு

இந்த இடத்தில்தான் குடும்பங்கள் சறுக்குகின்றன. "கேன்சருக்குத் தீனி போடாதே" என்று யாராவது ஒரு மாமா சொல்லியிருப்பார். பாலை நிறுத்து, முட்டையை நிறுத்து, கறியைத் தொடாதே, கஞ்சித் தண்ணி போதும் என்று ஆரம்பிக்கும். கட்டி பட்டினி கிடக்காது. அது உடம்பின் சதையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். வெட்டி ஒட்டிய குடல் கூடுவதற்குப் புரதம்தான் வேண்டும்.

கணக்கு சுலபம். எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 54 கிலோ ஆளுக்கு 65 முதல் 80 கிராம். சிறுநீரகக் கோளாறு இருப்பவருக்கு மட்டும் இந்தக் கணக்கை டாக்டர்தான் போட வேண்டும்.

பெரியப்பாவுக்கு நாங்கள் ஓட்டியது இது. காலையில் இட்லியோடு ஒரு அவித்த முட்டை, பதினோரு மணிக்குப் பொட்டுக்கடலை மாவைப் பாலில் காய்ச்சிய கஞ்சி, மதியம் பருப்புச் சோறும் மரக்காணம் மீன் இரண்டு துண்டும், நாலு மணிக்கு ஒரு கை வேகவைத்த மல்லாட்டை (வேர்க்கடலை), ராத்திரி இன்னொரு முட்டை, படுக்கும் முன் பால். முட்டைக்கு 6 கிராம், 100 கிராம் மீனுக்கு 20, ஒரு டம்ளர் பாலுக்கு 6 என்று கூட்டினால் எழுபதைத் தொட்டுவிடலாம். டப்பா பவுடர் வாங்க முடிந்தால் வாங்கலாம். வாங்க முடியாதவர் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. சைவக்காரர் மீனுக்குப் பதில் பருப்பையும் தயிரையும் பாலையும் இரட்டிப்பாக்கிக்கொள்ளட்டும்.

மூன்று வேளையாகப் போட்டால் பாதியில் கை கழுவிவிடுவார். ஆறு வேளையாகப் போடுங்கள். பல்செட்டையும் பாருங்கள். இளைத்தவருக்கு ஈறும் சுருங்கும், செட் ஆடும், வெளியே சொல்லாமல் ரசஞ்சோற்றோடு எழுந்துவிடுவார். பெரியப்பா ஒரு வாரம் அப்படி எங்களை ஏமாற்றினார்.

ஒரு எச்சரிக்கை. கட்டி குடலை நெருக்கிக்கொண்டிருந்தால் மல்லாட்டை, நார்க்காய் எல்லாம் ஆகாது. வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் அது அடைப்பு. தேதிக்குக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். அந்த நிலையில் பேதி மருந்தைத் தொடவே கூடாது.

மூன்றாவது: நடை, மூச்சு, பீடி

தினமும் அரை மணி நேரம் நடை. முடியாதவர் பத்துப் பத்து நிமிடமாக. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார்வது, காலை பத்து, மாலை பத்து. மூன்று பந்து உள்ள மூச்சுக் கருவியை ஆபரேஷனுக்கு அப்புறம் கையில் கொடுப்பார்கள். முன்பே வாங்கிப் பழகிவிட்டால் வலியோடு புதிதாகக் கற்க வேண்டியதில்லை. ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். எல்லாப் பெரியவரும் முதலில் ஊதுவார்கள். பீடியும் சாராயமும் நாலு வாரம் முன்பே நிற்க வேண்டும்.

இதெல்லாம் ஆறுதலுக்காகச் சொல்வதில்லை. பெருங்குடல் புற்றுநோயாளிகள் 251 பேரை வைத்து, உடற்பயிற்சி, சத்துணவு, மனத்துணை, புகை நிறுத்தம் என்று நாலு வாரம் தயார்படுத்திப் பார்த்த ஆய்வொன்று 2023ல் வெளியானது. தயாரானவர்களில் கடுமையான சிக்கல் கண்டவர்கள் 17.1 சதவீதம், வழக்கம்போல் போனவர்களில் 29.7.

நாலாவது: மாத்திரைப் பை

ஓரிரு வாரம் முன்பே எல்லா மாத்திரையையும் ஒரு துணிப்பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். ரத்தம் இளக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், இன்சுலின், பிரஷர் மாத்திரை இவற்றில் எதை எப்போது நிறுத்துவது என்று அவர் எழுதித் தர வேண்டும். பெயர் "கிளிஃப்ளோசின்" என்று முடியும் சர்க்கரை மாத்திரைகளை (டாபாகிளிஃப்ளோசின் போன்றவை) மூன்று நாலு நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். லேகியம், சூரணம், கஷாயத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

தயிரும் பழைய சோறும் பாக்கெட் கிருமியும்

"நல்ல கிருமி கொடுத்தால் குடல் புண் சீக்கிரம் ஆறுமாமே?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. புரோபயாட்டிக்கை ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பிருந்து கொடுத்துப் பார்த்த சின்னச் சின்ன ஆய்வுகளில் தொற்று குறைந்ததாக வந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றிலும் கிருமி வேறு, அளவு வேறு, நாள் வேறு. அதனால் எல்லா மருத்துவமனையிலும் எழுதித் தருவதில்லை.

எழுதித் தந்தால் மூன்று விஷயம். கொதிக்கும் பாலில் போடாதீர்கள், செத்துவிடும். ஆன்டிபயாட்டிக் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எழுதித் தந்த பெயரையே வாங்குங்கள். கடைக்காரர் "இதுவும் அதேதான்" என்று எடுத்துத் தருவது அதே கிருமியாக இருக்காது.

எழுதித் தராவிட்டால் சொந்தமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சிக்காரர்களுக்குப் புரோபயாட்டிக் கொடுத்துப் பார்த்து 2008ல் வெளியிட்ட ஆய்வில், கொடுத்தவர்களில் இறந்தோர் 16 சதவீதம், கொடுக்காதவர்களில் 6. நோய் வேறுதான். ஆனாலும் உடம்பு தளர்ந்தவருக்கு உயிருள்ள கிருமியைக் கொடுப்பது விளையாட்டில்லை என்று அது காட்டிவிட்டது. கீமோ ஓடுபவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், கழுத்து நரம்பில் குழாய் போட்டவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

தயிர்? வீட்டில் புதிதாக உறைந்தது தாராளமாகச் சாப்பிடலாம், புரதமும் கிடைக்கும். பழைய சோற்றைக் குடல் அழற்சி நோய்க்குக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சியைச் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை கையில் எடுத்த செய்தி வந்த பிறகு, எங்கள் தெருவில் அதற்கு மரியாதை கூடிவிட்டது. ஆனால் அந்த ஆராய்ச்சி வேறு நோய்க்கானது. நல்ல தண்ணீரில் ஊறிய சோற்றைத் தினமும் சாப்பிட்டுப் பழகிய பெரியவருக்குத் தடை சொல்ல எனக்கு மனமில்லை. கீமோவில் இருப்பவருக்கு மட்டும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

கடைசி மூன்று நாள்

இப்போது தட்டு தலைகீழாகும். கீரை, வாழைத்தண்டு, முருங்கைக்காய், கேழ்வரகு, கொய்யா, தர்பூசணி விதை, இத்தனை நாள் ஊட்டிய மல்லாட்டை எல்லாம் நிற்கும். குழைந்த சோறு, இட்லி, இடியாப்பம், தயிர், முட்டை, முள் எடுத்த மீன். சக்கை குறையும், புரதம் குறையாது.

முந்தின நாள் தெளிந்த திரவம் என்பார்கள். எது தெளிவு? கண்ணாடி டம்ளருக்குப் பின்னால் தினத்தந்தியை வைத்துப் பாருங்கள். எழுத்து படிக்க முடிந்தால் தெளிவு. இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பால் இல்லாத டீ தேறும். மோர், நீராகாரம், பால் காபி தேறாது. சிவப்புச் சர்பத்தும் வேண்டாம், ரத்தம் என்று குழப்பும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இளநீருக்கும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேதி மருந்து எல்லாருக்கும் கிடையாது. பெருங்குடல் ஆபரேஷனில் மருந்தும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் கொடுத்தவர்களுக்கும், எதுவும் கொடுக்காதவர்களுக்கும் தொற்றில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2019ல் பின்லாந்து ஆய்வு சொன்னது; இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது என்று வேறு ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே "பக்கத்துப் பெட்டுக்காரருக்குக் கொடுத்தார்களே" என்று சண்டை பிடிக்காதீர்கள். கொடுத்தால் பெரும்பாலும் பாலிஎதிலின் கிளைகால் பவுடர்தான். இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர். லேசாகக் குளிரவைத்தால் உப்புக் குமட்டல் குறையும். பாஸ்பேட் உப்பு மருந்து வயதானவர் சிறுநீரகத்துக்கு ஆகாது. பழைய சீட்டை வைத்துக் கடையில் வாங்கிவிடாதீர்கள்.

வீட்டில் குடிக்கச் சொன்னால் பயணத்தை யோசியுங்கள். திண்டிவனத்திலிருந்து கோரிமேட்டுக்குச் சுமார் 40 கிலோமீட்டர். குடித்துவிட்டுப் பஸ் ஏறி, கிளியனூரில் இறங்கிப் புதரைத் தேடிய ஒருவரை எனக்குத் தெரியும். முந்தின நாளே அட்மிஷன் கிடைக்குமா என்று கேளுங்கள். வீட்டில்தான் என்றால், கக்கூஸ் விளக்கு விடிய விடிய எரியட்டும், தரை காய்ந்திருக்கட்டும், வேட்டியை விட லுங்கி சுலபம், யாராவது ஒருவர் வாசலில் படுக்கட்டும். இருபது முறை எழுந்து போகும் எழுபது வயதுக்காரர் விழுந்து தொடை எலும்பு உடைந்தால் ஆபரேஷனே மாறிப்போகும். தலை சுற்றல், படபடப்பு, பேச்சில் குழப்பம் கண்டால் மருந்தை நிறுத்திவிட்டு வார்டுக்குச் சொல்லுங்கள்.

அன்று காலை

ராத்திரி பத்து மணியிலிருந்து பச்சைத் தண்ணி கூடப் பல்லில் படக் கூடாது என்பது பழைய சட்டம். டென்மார்க்கின் ஹென்ரிக் கெலட் 1990களில் தொடங்கிவைத்த விரைவு மீட்பு முறைக்குப் பிறகு, மயக்க மருந்துக்கு ஆறு மணி நேரம் முன்பு வரை லேசான திட உணவும், இரண்டு மணி நேரம் முன்பு வரை தெளிந்த திரவமும் தரலாம் என்று ஆகிவிட்டது. சில இடங்களில் மாவுச்சத்து கரைத்த பானம் 400 மில்லி தருவார்கள். சர்க்கரை நோயாளிக்கு அது தனிக் கணக்கு. "எத்தனை மணி வரைக்கும் தண்ணி குடிக்கலாம்?" என்று மயக்க மருந்து டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். பல்செட்டைக் கழற்றிப் பெயர் எழுதிய டப்பாவில் போடுங்கள்.

பெரியப்பா 56 கிலோவோடு உள்ளே போனார். நாலு வாரத்தில் கூடியது இரண்டே கிலோ. மறுநாள் காலை இரண்டு பேர் தாங்க, கட்டிலைச் சுற்றி நடந்தார். மூன்றாம் நாள் ரவுண்ட்ஸ் வந்த சின்ன டாக்டர், "தாத்தா, காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்டார். பெரியம்மா முந்திக்கொண்டு, "நேத்து ராத்திரியே ஆச்சுங்க" என்றாள். அன்று மதியம் ஒரு இட்லி.