டர்ன்டேபிளில் பாட்டு ஏன் முணுமுணுக்கிறது?



உங்களில் சிலர் வீட்டுப் பரணில் பழைய இசைத்தட்டுகள் இருக்கலாம். அவற்றை ஓட்ட இப்போது புது டர்ன்டேபிள்கள் மறுபடியும் விற்பனைக்கு வருகின்றன. ஆசையாக வாங்கி வீட்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் பல இடங்களில் ஒரே புகார்தான்: "வால்யூமை முழுசா திருப்பினாலும் சத்தமே வர மாட்டேங்குது!" இதற்குக் காரணம் என்ன, செலவு அதிகமில்லாமல் எப்படிச் சரிசெய்வது என்பதுதான் இந்தப் பாடம். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும், எல்லோருக்கும் புரியும்.

1. முள் எவ்வளவு மின்சாரம் கொடுக்கிறது?

தட்டின் பள்ளத்தில் முள் ஓடும்போது அது அதிர்கிறது. முள் பொருத்திய மெல்லிய தண்டின் மறுமுனையில் குட்டிக் காந்தம் ஒன்று இருக்கிறது. காந்தம் ஆட ஆட, பக்கத்தில் உள்ள கம்பிச்சுருளில் மின்னழுத்தம் உண்டாகிறது. 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இது. இந்த வகைக்கு 'மூவிங் மேக்னட்' கார்ட்ரிட்ஜ் என்று பெயர். இது கொடுப்பது சுமார் 5 மில்லிவோல்ட் மட்டுமே.

ஆம்ப்ளிஃபயரின் 'ஆக்ஸ்' துளையோ சுமார் 200 மில்லிவோல்ட்டை எதிர்பார்க்கிறது. சி.டி. பிளேயர் 2 வோல்ட் வரை, அதாவது 2000 மில்லிவோல்ட் கொடுக்கிறது. முள்ளைப் போல 400 மடங்கு!

2. ஒரு சின்னக் கணக்கு

ஆக்ஸில் 200 மில்லிவோல்ட் கொடுத்தால் 50 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 மில்லிவோல்ட் கொடுத்தால்?

200 ÷ 5 = 40. மின்னழுத்தம் 40 மடங்கு குறைவு. திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் என்று படித்திருக்கிறோம். ஆகவே திறன் 40 × 40 = 1600 மடங்கு குறைவு.

50 ÷ 1600 = 0.031 வாட். அவ்வளவுதான்!

சரி, 100 வாட் ஆம்ப்ளிஃபயர் வாங்கினால்? அதே கணக்கில் 0.062 வாட் வரும். காதுக்கு வித்தியாசம் கொஞ்சம்தான் தெரியும். ஆக, பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்குவது இதற்கு மருந்து இல்லை.

3. சத்தம் மட்டுமா குறைவு?

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. தட்டில் பாட்டைப் பதிக்கும்போதே வேண்டுமென்று மாற்றித்தான் பதிக்கிறார்கள். பாஸ் ஒலியை உள்ளபடியே பதித்தால் பள்ளம் இடமும் வலமும் அகலமாக ஆடி, பக்கத்துப் பள்ளத்தை இடித்துவிடும். தட்டில் இடமும் போதாது. அதனால் பாஸைக் குறைத்துப் பதிக்கிறார்கள். ட்ரெபிள் ஒலியை மட்டும் கூட்டிப் பதிக்கிறார்கள். தட்டு உரசும் 'ஸ்ஸ்' இரைச்சலில் அது மூழ்கிவிடக் கூடாது அல்லவா?

1,000 ஹெர்ட்ஸ் ஒலியோடு ஒப்பிட்டால், 20 ஹெர்ட்ஸ் ஒலி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகவும், 20,000 ஹெர்ட்ஸ் ஒலி ஏறக்குறைய பத்து மடங்காகவும் பதிவாகிறது. ஒவ்வொரு கம்பெனியும் முன்பு தனித்தனி அளவு வைத்திருந்தது. 1954-இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலார் சங்கம் ஒரு பொது அளவை வகுத்தது. அதன் பெயரெழுத்துகளைச் சேர்த்து 'ஆர்.ஐ.ஏ.ஏ. வளைகோடு' என்கிறார்கள்.

கேட்கும்போது இதை அப்படியே தலைகீழாக்க வேண்டும். பாஸைக் கூட்டணும், ட்ரெபிளைக் குறைக்கணும். ஆக்ஸ் துளைக்குள் இந்த வேலை நடக்காது. அதனால்தான் மிருதங்கம் காணாமல் போய், பாட்டு தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போல ஒலிக்கிறது.

இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்வது 'போனோ ப்ரீஆம்ப்' என்ற சிறு சர்க்யூட். 5 மில்லிவோல்ட்டை சுமார் 100 மடங்காகப் பெருக்கும், வளைகோட்டையும் நேராக்கும்.

4. எங்கள் வீட்டில் நடந்தது

தாத்தாவிடம் அறுபது தட்டுகளுக்கு மேல் இருக்கின்றன. சிலவற்றின் உறையில் வாங்கிய தேதியைப் பாட்டி தன் கையால் எழுதி வைத்திருக்கிறார். பாட்டி இப்போது இல்லை. பழைய பிளேயர் ஓடாமல் போனதால் மாமா புது டர்ன்டேபிள் வாங்கி வந்து ஆக்ஸில் மாட்டினார். கொசு பாடுவது போலத்தான் கேட்டது. கடையில் விசாரித்தால், "இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயரா வாங்கிடுங்க சார்" என்றார்களாம்.

"தட்டெல்லாம் தேஞ்சு போச்சுடா கண்ணு. இனிமே எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு?" என்று சொல்லி, தாத்தா கட்டுக் கட்டாகத் திண்ணையில் எடுத்து வைத்துவிட்டார், பழைய பேப்பர்காரருக்குப் போட.

நான் அதே ஆம்ப்ளிஃபயரில் எஃப்.எம். போட்டுப் பார்த்தேன். வால்யூம் கால் பங்கிலேயே வீடு அதிர்ந்தது. அப்படியானால் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கின்றன. "தாத்தா, ரெண்டு நாள் பொறுங்க. தட்டு மேல தப்பு இல்ல, நடுவுல ஒரு பெட்டி குறையுது" என்றேன். மாமா ப்ரீஆம்ப் வாங்கி வந்ததும் மாட்டினோம். வயலினுக்குக் கீழே மிருதங்கம் தனியாகக் கேட்டது. தாத்தா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் திண்ணையிலிருந்த கட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டு வந்தார்.

"பழைய பிளேயர்ல மட்டும் இந்தப் பெட்டி இல்லாமலே எப்படிடா பாடுச்சு?" என்று பிறகு கேட்டார். நல்ல கேள்வி! பழைய பெட்டி பிளேயர்கள் பலவற்றில் செராமிக் அல்லது கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதில் காந்தம் கிடையாது. அழுத்தம் பட்டால் மின்னழுத்தம் தரும் பொருள் அது. சில நூறு மில்லிவோல்ட் தரும். வளைகோட்டையும் ஓரளவு தானே சரிக்கட்டிக்கொள்ளும். அதனால் ப்ரீஆம்ப் தேவைப்படவில்லை.

5. நீங்கள் செய்ய வேண்டியது

அ) முதலில் மின்சாரத்தை அணையுங்கள். ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் 'போனோ' என்ற துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டர்ன்டேபிளை அங்கே மாட்டுங்கள். வேலை முடிந்தது.

ஆ) இல்லையென்றால் டர்ன்டேபிளின் பின்பக்கம் பாருங்கள். புதிய மாடல்கள் பலவற்றில் 'போனோ / லைன்' என்று ஒரு ஸ்விட்ச் உண்டு. ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். 'லைன்' பக்கம் தள்ளிவிட்டு ஆக்ஸில் மாட்டலாம்.

இ) இரண்டும் இல்லையென்றால் தனி ப்ரீஆம்ப் வாங்குங்கள். மூவிங் மேக்னட் வகைக்கு உள்ளீட்டு மின்மறுப்பு 47 கிலோ ஓம், பெருக்கம் சுமார் 40 டெசிபல் இருக்க வேண்டும். 'மூவிங் காயில்' வகை இன்னும் குறைவான மின்னழுத்தம் தரும். அதற்கு சுமார் 60 டெசிபல் வேண்டும்.

ஈ) 'ம்ம்ம்' என்று உறுமல் வந்தால், டர்ன்டேபிளிலிருந்து தனியாக வரும் மெல்லிய எர்த் கம்பியை, ஆம்ப்ளிஃபயரில் அல்லது ப்ரீஆம்பில் உள்ள எர்த் திருகில் இறுக்குங்கள்.

6. செய்யக் கூடாதது

* லைன் அளவு மின்னழுத்தத்தை போனோ துளைக்குள் விடாதீர்கள். இரண்டு முறை பெருகி, ஒலி கரகரவென்று உடையும்.

* மைக் துளையில் மாட்டாதீர்கள். சத்தம் வரும், ஆனால் வளைகோடு நேராகாது.

* சத்தம் கூடும் என்று முள்ளின் தலையில் காசு வைக்காதீர்கள். பள்ளம் முள்ளை எவ்வளவு வேகமாக ஆட்டுகிறது என்பதைப் பொறுத்துத்தான் மின்னழுத்தம் வருகிறது. பாரத்தைப் பொறுத்து அல்ல. மூவிங் மேக்னட் முள் பலவற்றுக்கு 2 கிராம் அளவு பாரமே போதும். காசு வைத்தால் பள்ளம்தான் தேயும். தேய்ந்த பள்ளத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

* வால்யூம் முழுதும் திருப்பியபடியே சி.டி.க்கு மாற்றாதீர்கள். 400 மடங்கு மின்னழுத்தம் ஒரே நொடியில் பாயும். ஸ்பீக்கர் போய்விடும், காதுக்கும் ஆபத்து.

செய்து பாருங்கள்: ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுத் தட்டை மட்டும் சுழலவிட்டு, முள்ளருகே காதை வையுங்கள். எந்த மின்சாரப் பெருக்கமும் இல்லாமல் பாட்டு மெலிதாகக் கேட்கும்! பாஸ் இல்லாமல் கீச்சென்று இருக்கும். ஏன் என்று 3-ஆம் பகுதியைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

சிந்திக்க ஒரு கணக்கு: கார்ட்ரிட்ஜ் 4 மில்லிவோல்ட், ப்ரீஆம்ப் 100 மடங்கு, ஆக்ஸுக்குத் தேவை 200 மில்லிவோல்ட். போதுமா, போதாதா? விடையை ஒரு தாளில் எழுதி இதழ்ப் பெட்டியில் போடுங்கள்.

— பிளஸ் டூ மாணவன், அறிவியல் பிரிவு