புனித ஜார்ஜ் கோட்டையில் ஒரு நாள்

சென்னைக் கல்விச் சுற்றுலாவில் நாங்கள் முதலில் கண்டது புனித ஜார்ஜ் கோட்டை. சிக்கல் வட்டார மாணவியராகிய நமக்கும் அக்கோட்டைக்கும் என்ன உறவு? உண்டு, தோழியரே!

1639இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் அனுமதி பெற்று, கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் வாணிகத்தைக் காக்கக் கடலோரத்தில் எழுப்பிய அரண் இது. 1746இல் பிரெஞ்சுக்காரர் இதைக் கைப்பற்றினர். 1749இல் ஆங்கிலேயர் திரும்பப் பெற்று மதில்களை வலுப்படுத்தினர். உள்ளே உள்ள புனித மரியாள் ஆலயம் 1680இல் நேர்ந்தளிக்கப்பட்டது. அதன் கூரைகூடப் பீரங்கிக் குண்டைத் தாங்குமாறு கனத்த வளைவாகக் கட்டப்பட்டுள்ளது.

நம் இராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதி, சிறுவராயிருந்தபோதே 1772 முதல் 1781 வரை திருச்சிக் கோட்டையில் சிறையிருந்தவர். 1795இல் கம்பெனியார் அவரை மீண்டும் பதவியிலிருந்து இறக்கிச் சிறைப்படுத்தினர். 1809இல் இந்தச் சென்னைக் கோட்டையில் கைதியாகவே அவர் மறைந்தார். இதை எங்கள் ஆசிரியை சொன்னபோது, அதுவரை பேசிச் சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் மௌனமானோம்.

பின்னர் அருங்காட்சியகத்தில், 1947 ஆகஸ்டு 15 அன்று இக்கோட்டையில் ஏற்றப்பட்ட பட்டுத் தேசியக் கொடியைக் கண்டோம். சேதுபதி மறைந்து 138 ஆண்டுகளுக்குப் பின் ஏறிய கொடி! இன்று தமிழகச் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இங்குதான் இயங்குகின்றன.

சென்னை செல்லும் தோழியரே, அக்கொடியின் முன் சற்று நின்று, நம் சீமையின் மன்னரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.