நிறமியும் காவல் அணுவும்

இடுக்கி மாவட்டத்துக் காந்தளூர் மலைச்சரிவுகளில் பிளம் பழங்கள் செந்நிறமாகக் கனிகின்றன. பாலக்காட்டு நாவல் மரத்தடியில் உதிர்ந்த கனிகள் மண்ணைக் கருநீலமாக்குகின்றன. நாவற்பழம் தின்றவர் நாவில் படியும் நிறத்திற்கும், பிளம் தோலின் சிவப்பிற்கும் ஆந்தோசயனின் என்னும் நிறமிகளே காரணம். இந்நிறமிகளுக்கும் நம் இதயத்திற்கும் தொடர்பு உண்டோ?

நம் உடல் அணுக்களின் சவ்வு அமையக் கொலஸ்ட்ரால் என்னும் கொழுப்புப் பொருள் தேவை. குருதியில் அது மிகுந்தால் தமனிச் சுவரினுள் புகுந்து தங்கும். அதனை அகற்றப் பெருவிழுங்கணுக்கள் என்னும் நோய் எதிர்ப்பு அணுக்கள் விரைகின்றன. அவை கிருமிகளை விழுங்குவது போலவே கொழுப்பையும் விழுங்குகின்றன. விழுங்கியதை வெளியேற்ற இயலாதபோது கொழுப்புத் துளிகள் நிரம்பி 'நுரை அணுக்கள்' ஆகின்றன. காவல் புரிய வந்தவையே சுமையாகித் தமனியைக் குறுகச் செய்கின்றன; மாரடைப்பிற்கும் வழிகோலுகின்றன.

இவ்வணுக்களின் சவ்வில் கொழுப்பை வெளியேற்றும் வாயிற்புரதங்கள் உள்ளன. வெளிவரும் கொலஸ்ட்ராலை எச்.டி.எல். என்னும் துகள்கள் ஏற்றுக் கல்லீரலுக்குக் கொண்டு செல்கின்றன. கல்லீரல் அதனைப் பித்தநீர் வழியே குடலுக்கு அனுப்புகிறது.

சீன நாட்டின் சன் யாட்-சென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளைக் கொண்டு ஆராய்ந்து, 2012ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். சயனிடின் வகை ஆந்தோசயனினைக் குடல்வாழ் நுண்ணுயிர்கள் சிதைத்துப் புரோட்டோகேட்டிகுயிக் அமிலமாக மாற்றுகின்றன. இவ்வமிலம் வாயிற்புரதங்கள் பெருக உதவி, கொழுப்பு வெளியேறத் துணைநின்றது. பிளம் தோலிலும் சயனிடின் வகை நிறமி உண்டு.

மாணவர்களே, எலிகளிடம் கண்டது மனிதரிடமும் அவ்வாறே நிகழும் என்று முடிவு கட்டலாகாது. பழம் நல்லுணவு, மருந்துக்கு மாற்று அன்று. தாத்தா உண்ணும் மாத்திரையை நிறுத்திவிட்டு நாவற்பழம் கொடுத்தல் பெரும் தீங்காய் முடியும். பழத்தையும் உண்போம், மருத்துவர் சொல்லையும் கேட்போம்.

சொற்பொருள்
குருதி – இரத்தம்
தமனி – இதயத்திலிருந்து குருதியை எடுத்துச் செல்லும் குழாய்
வழிகோலுதல் – காரணமாதல்

பயிற்சி
1. நுரை அணுக்கள் எவ்வாறு உண்டாகின்றன?
2. பெருவிழுங்கணுவிலிருந்து வெளியேறும் கொலஸ்ட்ரால் செல்லும் வழியை வரிசைப்படுத்தி எழுதுக.
3. பிரித்து எழுதுக: இவ்வமிலம், நல்லுணவு.
4. 'பழம் மருந்துக்கு மாற்று அன்று' – ஏன்? ஐந்து வரிகளில் எழுதுக.