வெறுங்கால் வீரர் முகமது சலீம்

ஸ்காட்லாந்து நாட்டுக் கால்பந்துக் கழகங்களுள் செல்டிக் மிகவும் புகழ்பெற்றது. கிளாஸ்கோ நகரத்து ஏழைக் குழந்தைகளின் உணவுக்குப் பணம் திரட்டுவதற்காக, மாரிஸ்ட் சபைத் துறவியான சகோதரர் வால்ஃபிரிட் 1887-ஆம் ஆண்டில் தொடங்கிய கழகம் அது. கன்னியர் பள்ளியில் பயிலும் நாம் அதன்மீது அன்பு கொள்ள இது ஒன்றே போதும்!

அக்கழகத்தில் 1902 முதல் 1920 வரை ஆடியவர் ஜிம்மி மெக்மெனமி. ஆட்டத்தை நடத்திச் செல்லும் அறிவுக்கூர்மையால் அவரை 'நெப்போலியன்' என்றே அழைத்தனர். 1905 முதல் 1910 வரை செல்டிக் தொடர்ந்து ஆறு முறை லீக் பட்டம் வென்றதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. பின்பு பார்டிக் திஸில் கழகத்தில் சேர்ந்து, 1921-இல் ஸ்காட்டிஷ் கோப்பையையும் வென்றார். அப்போது அவருக்கு வயது 40! பிற்காலத்தில் செல்டிக்கிற்கே பயிற்சியாளராகத் திரும்பினார்.

1936-இல் எடுத்த ஒரு புகைப்படத்தில், இத்தகைய மாவீரர் குனிந்து ஓர் இந்தியரின் காலுக்குத் துணிக் கட்டுப் போடுகிறார். பெரிய வியாழனன்று ஆலயத்தில் நாம் காணும் பாதம் கழுவும் சடங்கே நம் நினைவுக்கு வருகிறது. அந்த இந்தியர்தான் முகமது சலீம்.

சலீம் கல்கத்தாக்காரர். 1934-இல் முதன்முறையாகக் கல்கத்தா லீக் பட்டம் வென்ற இந்தியக் கழகமான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் ஆட்டக்காரர். உறவினர் ஒருவரின் தூண்டுதலால் கப்பலேறி கிளாஸ்கோ சென்றார். பூட்ஸ் அணியாமல் ஆடுவேன் என்றவரைக் கண்டு மேலாளர் வில்லி மேலி வியந்தாராம். அக்காலத்தில் நம் நாட்டில் அதுவே வழக்கம். 1911-இல் ஆங்கிலேயப் படைப்பிரிவு அணியை வென்று கேடயம் பெற்ற மோகன் பகான் அணியிலும் பூட்ஸ் அணிந்தவர் சுதிர் சட்டர்ஜி ஒருவரே. இங்கே பெரக்கரை நாட்டிலும் கல்லும் மேடுமான இடங்களில் பிள்ளைகள் வெறுங்காலுடன் பந்து உதைப்பதை நாம் பார்க்கிறோம் அல்லவா? பந்தின் போக்கைப் பாதம் நேரே உணர்கிறது. ஆனால் எதிரியின் பூட்ஸ் மிதித்தால் என்னாகும்! அதனால்தான் அந்தக் கட்டு.

செல்டிக்கின் இரண்டாம் அணிக்காகச் சலீம் இரண்டு ஆட்டங்கள் ஆடினார். ஹாமில்டன் அணியை 5-1 என்றும், கால்ஸ்டன் அணியை 7-1 என்றும் செல்டிக் வென்றது. முதலில் கூறிய ஆட்டத்தில் பெனால்டியில் அவர் ஒரு கோலும் போட்டார். பத்திரிகைகள் அவரைப் புகழ்ந்து எழுதின.

ஆயினும் ஊர் ஏக்கம் அவரை விடவில்லை. கழகம் வற்புறுத்தியும் கல்கத்தா திரும்பிவிட்டார். நல்ல வாய்ப்பை வீணாக்கினார் என்று சிலர் சொல்லலாம். விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். புறப்படும் முன் அவருக்காக ஓர் ஆட்டம் நடத்தி வசூலில் பங்கு தரக் கழகம் முன்வந்ததாகவும், அதை அநாதைக் குழந்தைகளுக்கே கொடுக்கச் சொன்னதாகவும் அவர் குடும்பத்தார் கூறுவர். ஏழைக் குழந்தைகளுக்காகவே பிறந்த கழகத்திற்கு இதைவிடப் பொருத்தமான காணிக்கை ஏது?

தாயகத்தில் மீண்டும் முகமதன் ஸ்போர்ட்டிங்கிற்கே ஆடினார். அக்கழகம் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை லீக் பட்டம் வென்றது.

சலீம் 1980-இல் காலமானார். முதுமையில் அவர் நோயுற்றிருந்தபோது, தந்தையைச் செல்டிக் இன்னும் நினைவில் வைத்திருக்கிறதா என்றறிய அவருடைய மகன் ஒரு கடிதம் எழுதினார். பதிலுடன் 100 பவுனுக்கு ஒரு வங்கி டிராப்ட் வந்தது. அதை அவர் பணமாக மாற்றவே இல்லை.