பிள்ளையை ஒப்புவிக்கும் இடம்

கணவனது அடிக்கு அஞ்சிப் பிள்ளையுடன் தாய்வீடு சேர்ந்த பெண்டிரைத் தஞ்சை நாட்டுச் சிற்றூர்களில் நாம் அறிவோம். பிரிவோடு துன்பம் ஒழிந்ததென்று எண்ணுகின்றோம். பிள்ளையைக் காணத் தந்தை வரும் நாளிலேயே அது மீண்டும் தலையெடுக்கின்றது. திண்ணையிலோ பேருந்து நிலையத்திலோ இருவரும் எதிர்ப்படுவர், பழம்பூசல் மூளும், நடுவே பிள்ளை நிற்கும்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், 18ஆம் பிரிவில், மனைவியோடு எவ்வகையிலும் தொடர்பு கொள்ளாதபடி கணவனைத் தடுக்க நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் அளிக்கின்றது. 21ஆம் பிரிவோ, பிள்ளையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்புவித்து, தந்தை காண ஏற்பாடு வகுக்கவும் இடந்தருகின்றது. அச்சந்திப்பு பிள்ளைக்குத் தீங்காகுமெனக் கருதின், நடுவர் மறுத்தேயாக வேண்டும். முன்னைய ஆணை அடைத்த கதவைப் பின்னையது திறந்துவிடலாகாதன்றோ?

ஆதலின் ‘ஞாயிறுதோறும் காணலாம்’ என்னும் ஒற்றை வரி போதாது. இடமும், நேரமும், பிள்ளையை அழைத்துச் செல்பவர் இன்னார் என்பதும் எழுதப்பெறல் வேண்டும். அமெரிக்க நாட்டில் இதற்கெனவே நிலையங்கள் உள. அவற்றில் வழக்கமான முறை இது: தந்தை முன்னரே வந்து உள்ளே அமர்வான், கால்மணி கழித்துத் தாய் வேறு வாயிலால் வந்து, பிள்ளையைப் பணியாளரிடம் விடுவாள். திரும்புகையில் தாயும் பிள்ளையும் முதலிற் புறப்படுவர். தந்தை பின்தொடராவண்ணம் கால்மணி நிறுத்தப்படுவான்.

தனி நிலையம் இல்லாவிடினும், நம்பத்தக்க ஆசிரியை ஒருவர் வாயிலாக நம் ஊர்களிலும் இம்முறை இயலும். ‘பெற்ற தகப்பனல்லவா’ என்று சமரசம் பேசி, இருவரையும் ஒரே கூடத்தில் அமர்த்தும் ஊர்ப்பெரியோரின் நல்லெண்ணமே இங்குப் பெருந்தடை. பிள்ளையிடம், ‘அம்மாவைக் காண யார் வந்தார்’ என வினவுதலும் விலக்கத்தக்கது. சூழ்நிலை மாறின், ஆணையைத் திருத்தக் கோரி 25ஆம் பிரிவின்கீழ் நடுவரிடம் மனுச் செய்யலாம்.