கல்லீரல் செயலிழப்பும் இல்லப் பராமரிப்பும்

நோயின் விலையைக் கணக்கிடுவோர் மருந்துச் செலவையும் மருத்துவமனைக் கட்டணத்தையும் மட்டுமே கூட்டிப் பார்ப்பது வழக்கம். அக்கணக்கு முழுமையானதன்று. திருவனந்தபுரம் மாவட்டம், நெடுமங்காடு வட்டத்தில், பொன்முடி மலையின் அடிவாரத்தில் உள்ள வித்துரா ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். ரப்பர்த் தோட்டங்களும் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளும் கொண்ட பகுதி இது. 1981இல் மண்டலப் புற்றுநோய் மையம் அமைக்கப்பட்ட தலைநகருக்கு இங்கிருந்து மலைச்சாலையில் இறங்கிச் செல்ல வேண்டும். குடலில் தோன்றிய புற்று கல்லீரலுக்குப் பரவிய ஒரு தோட்டத் தொழிலாளி அங்குச் சென்று திரும்புவதற்குள் ஒரு பகல் கழிந்துவிடும். துணைக்குச் செல்பவரின் கூலியும் போய்விடும். இத்தகைய குடும்பத்திற்கு அரசும் சமூகமும் எவ்வாறு உதவலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோய் பரவும் வழி

வயது வந்தவரின் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் எடையுள்ளது. அதற்கு வரும் இரத்தத்தில் முக்கால் பங்கு, இரைப்பை, குடல், கணையம் ஆகியவற்றிலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் வாயிற்சிரை வழியே வருகிறது. ஆகவே அவ்வுறுப்புகளில் தோன்றும் புற்றணுக்கள் எளிதில் கல்லீரலில் தங்கிவிடுகின்றன. மார்பகம், நுரையீரல் ஆகியவற்றின் புற்றும் பொது இரத்த ஓட்டத்தின் வழியே அங்கு வந்து சேரக்கூடும்.

கல்லீரலுக்குச் சேம ஆற்றல் மிகுதி. எனவே பெரும்பகுதி பாதிக்கப்படும் வரை அறிகுறி தோன்றாமலிருக்கலாம். அதன் பின்னரோ பல பணிகள் ஒருசேரக் குன்றுகின்றன. பித்தநிறமி வெளியேறாமையால் காமாலை தோன்றுகிறது. அல்புமின் குறைவதாலும் சிரையழுத்தம் மிகுவதாலும் வயிற்றில் நீர் கோக்கிறது. உறைபுரதங்கள் குறைவதால் இரத்தக் கசிவு உண்டாகிறது. அம்மோனியா போன்ற நச்சுகள் நீக்கப்படாமையால் அறிவு மயங்குகிறது.

தீர்வும் எல்லையும்

காமாலை கண்டவுடன் நம்பிக்கை இழப்பதும் தவறு. எல்லையற்றுச் செலவிடுவதும் தவறு. பித்தநாளம் அடைபட்டிருப்பின் குழாய் பொருத்தி அடைப்பை நீக்க இயலும். குடற்புற்று கல்லீரலில் ஓரிரு இடங்களில் மட்டும் பரவியிருப்பின், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு அறுவை மருத்துவம் நீண்ட வாழ்வைத் தரக்கூடும். ஆனால் உறுப்பின் பெரும்பகுதி புற்றால் நிறைந்து செயலிழந்த நிலையில், கடும் மருந்துகளை உடல் தாங்குவதில்லை. அந்நிலையில் கடன் வாங்கியும் நிலத்தை விற்றும் பெருநகர் செல்லும் குடும்பம், நோயாளியையும் இழந்து வாழ்வாதாரத்தையும் இழக்கிறது. உண்மை நிலையை உரிய காலத்தில் எடுத்துரைப்பதும் மருத்துவக் கடமையே ஆகும்.

கேரளத்தின் முன்மாதிரி

குணப்படுத்த இயலாமை என்பது செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பொருள்படாது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புப் பணி, தன்னார்வலர்களின் துணையுடன் மாநிலமெங்கும் பரவியது. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது; இந்திய மாநிலங்களுள் இதில் முந்தியது கேரளமே. உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் செவிலியர் வீடு தேடிச் செல்லும் முறை இதன் அடித்தளமாகும். வயிற்று நீரால் விளையும் மூச்சுத்திணறல், அரிப்பு, மலச்சிக்கல், மனக்குழப்பம் ஆகியவற்றைக் கவனித்து மருத்துவருக்கு அறிவிப்பதும், பராமரிக்கும் முறையை உறவினருக்குக் கற்பிப்பதும் அவருடைய பணிகளாகும்.

கடும் வலிக்கு மார்ஃபின் இன்றியமையாதது. அது கல்லீரலில் சிதைவுறும் மருந்தாதலால், இந்நோயாளிகளுக்குக் குறைந்த அளவில், நீண்ட இடைவெளியில், மருத்துவரின் கண்காணிப்பில் தரப்படல் வேண்டும். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் பின்னர்ப் பல உரிமங்கள் தேவைப்பட்டமையால் இம்மருந்து கிடைப்பது அரிதாயிற்று. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விதிகளை எளிமையாக்கி, நாடு முழுமைக்கும் ஒரே முறையை வகுத்தது.

முடிவுரை

சட்டம் இயற்றுவதாலேயே மருந்து வீடு சேர்ந்துவிடாது. பயிற்சி பெற்ற மருத்துவர், வாகனம் உள்ள செவிலியர், இருப்புத் தீராத மருந்தகம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைதல் வேண்டும். செவிலியர் ஒருமுறை மலையேறிச் செல்வதற்கு ஆகும் செலவு, நோயாளி மலையிறங்கி வருவதால் ஏற்படும் இழப்பினும் சிறிது. திட்டமிடுவோர் இக்கணக்கையும் தம் ஏட்டில் எழுதுதல் வேண்டும்.